மலைமுழுங்கி எப்படி ஓடுது?

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டால் இது பழைய கதை. அந்தக் கரடிக்கு நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற புது மலைவண்டி ஒன்று வாங்கவேண்டும் என்று ஆசை வந்தது. ஆகையால் இது நம் காலத்துக் கதை. கரடியின் பெயர் மொக்கராசு. தனக்கு அறிவு கொஞ்சம் கூடுதல் என்று அதற்கு ஓர் எண்ணம் உண்டு. இந்தக் கதையில் வருகிற கஷ்டத்துக்கு வண்டி பாதிக் காரணம் என்றால், அந்த எண்ணம் மீதிக் காரணம்.

வண்டிக்குப் போவதற்கு முன் அந்தக் காட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே தன்னிடம் இருக்கிற எதையும் யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். மான்குட்டி கொழுகொழுவென்று துள்ளிக்கொண்டு போகும். தாயைக் கேட்டால், "எங்க, சரியாவே திங்க மாட்டேங்குது, நோஞ்சானாக் கெடக்கு" என்று பெருமூச்சு விடும். பலாமரத்தில் கிளை முறிகிற அளவுக்குக் காய் தொங்கும். அதன் அடியில் உட்கார்ந்துகொண்டே மந்தி, "இந்த வருசம் ஒண்ணும் சொல்லிக்கிறாப்புல இல்ல" என்னும். கேட்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. சுமார் என்றால் நன்றாக இருக்கிறது, மோசம் என்றால் பிரமாதம், நாசமாய்ப் போச்சு என்றால் எப்படியாவது நமக்கும் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று சரியாக அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். யாராவது "ரொம்ப நல்லா இருக்கு" என்று வாய்விட்டால் மட்டும், நம் தலையில் எதையோ கட்டப் பார்க்கிறான் என்று கூட்டம் கலைந்துவிடும். இப்படித் தலைகீழாகப் பேசி, தலைகீழாகக் கேட்டு, எல்லாரும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

அந்த நிம்மதி பொறுக்காமல் வெள்ளைச்சாமி என்ற கொக்கு வந்து ஆற்றங்கரையில் ஷோரூம் திறந்தது. விற்பனைக்கு நின்ற வண்டியின் பெயர் மலைமுழுங்கி. குதிரையில் ஏறுவது மாதிரி காலை அகட்டி உட்காரவேண்டும். பின்னால் மூட்டை ஏற்ற இரும்புத் தட்டு. முன்னால், சேற்றில் மாட்டினால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளக் கம்பிச்சுருளோடு ஒரு வின்ச். கைப்பிடிக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பட்டன். அதை அழுத்தினால் நாலு சக்கரமும் ஒன்றாக இழுக்கும், மலையே இறங்கி வந்து வழி விடும் என்று கொக்கு சொன்னது. கொக்கு சொன்னதை யாரும் நம்பவில்லை. கொக்கும் அதை எதிர்பார்க்கவில்லை.

"நான் சொல்றத நம்பாதீங்க சார்," என்றது கரடியிடம், ஒற்றைக்காலில் நின்றபடி. "நான் விக்கிறவன். வாங்குனவங்களப் போய்க் கேளுங்க. ஓட்டுறவங்க சொல்றதுதான் நெசம்."

கரடிக்கு இந்த நாணயம் பிடித்திருந்தது. அதற்கு வண்டி உண்மையிலேயே தேவைப்பட்டது. உச்சியில் இருக்கிற தேன்பாறை அதன் குடும்பச் சொத்து. அதில் எடுக்கிற தேனைக் குடங்குடமாகத் தோளில் சுமந்து ஆற்றங்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்துதான் அது பிழைத்தது. ஏறி இறங்கித் தோள் தேய்ந்துபோயிருந்தது. தட்டில் குடங்களை வைத்து உல்லாசமாக இறங்கிவருவதை நினைத்தாலே அதற்குச் சிரிப்பு வந்தது. விலை என்ன என்று கேட்டது. பணமெல்லாம் வேண்டாம், தேன்பாறையைக் கொடுத்தால் போதும் என்றது கொக்கு.

வீட்டில் இதைச் சொன்னபோது கரடியின் மனைவி சீனியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"பாறையக் குடுத்துட்டு வண்டியில எதங்க ஏத்துவீங்க?"

"வண்டின்னு ஒண்ணு வரட்டும். ஏத்துறதுக்கா ஒண்ணும் கெடைக்காது?" என்றது கரடி. தொலைநோக்கு உள்ளவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

ஆனாலும் விசாரிக்காமல் வாங்குகிற ஆள் இல்லை அது. முதலில் சடையாண்டி என்ற காட்டுப்பன்றியிடம் போனது. மலைமுழுங்கியை வாங்கிய முதல் ஆள் அதுதான். பன்றி வாசலில் நொண்டிக்கொண்டு நின்றது. ஒரு கோரைப்பல் உடைந்திருந்தது.

"அண்ணே, மலைமுழுங்கி எப்படி ஓடுது?"

"ஓடுதா? அந்த எழவு வண்டியப் பத்தி எங்கிட்டப் பேசாத மொக்கராசு. மேட்டுல ஏறாது. எறக்கத்துல நிக்காது. எஞ்சின் சூட்டுல தொடை ரெண்டும் வெந்துபோச்சு. இங்க பாரு."

பன்றி தொடையைக் காட்டியது. தோல் உரிந்து சிவந்திருந்தது. கரடி அதைப் பக்தியோடு பார்த்தது. கண் படக்கூடாது என்பதற்காகத் தொடையையே சுட்டுக்கொண்டிருக்கிறார் என்றால், வண்டி எப்பேர்ப்பட்டதாக இருக்க வேண்டும்!

"சத்தியமாச் சொல்றேன், வாங்கிறாத," என்றது பன்றி.

"புரியுதுண்ணே, புரியுது," என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கரடி கிளம்பியது.

அடுத்து நல்லமுத்து என்ற கருங்குரங்கு. அதன் மலைமுழுங்கி ஒரு மூலையில் நின்றது. வண்டிமேல் சுரைக்கொடி படர்ந்து பிஞ்சு விட்டிருந்தது. கைப்பிடியில் மைனா கூடு கட்டியிருந்தது.

"கொளுத்திரலாம்னு பாக்கேன்," என்றது குரங்கு. "தீயும் பிடிக்க மாட்டேங்குது."

கரடிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கொடியை வளர்த்து, கூட்டைக் கட்டவிட்டு, யார் கண்ணிலும் படாமல் மறைத்து வைத்திருக்கிறதே! விசாரித்த இடமெல்லாம் வசவு. ஒருவர்கூட ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கரடி நேராக ஷோரூமுக்குப் போய்த் தேன்பாறையை எழுதிக் கொடுத்தது.

வண்டி வீட்டுக்கு வந்தது. மாலை போட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். மலைமுழுங்கி தன் ஆயுளில் ஏறிய பெரிய மேடு அந்த எலுமிச்சம்பழம்தான்.

மறுநாள் காலையில் கரடி வண்டியை மலைப்பாதையில் விட்டது. முதல் ஏற்றத்திலேயே பின்சக்கரம் இரண்டும் சேற்றில் புதைந்து சும்மா சுழன்றன. கரடி பதறவில்லை. சிவப்புப் பட்டனை அழுத்தியது. இப்போது முன்சக்கரங்களும் சேர்ந்துகொண்டு, நான்கும் சும்மா சுழன்றன. நாலு சக்கர வசதி என்று கொக்கு சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கரடி இறங்கி வின்ச் கம்பியை இழுத்துப்போய்ப் பாதையோரப் புங்கமரத்தில் கட்டிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து விசையைத் தட்டியது. கம்பி விறைத்தது, எஞ்சின் அலறியது, வண்டி அசையவில்லை. புங்கமரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து கரடியின் மடியில் விழுந்தது. இதற்குள் எஞ்சின் சூடேறியிருந்தது. தொடையில் ஏதோ தீய்கிற வாசனை வந்தபோதுதான் கரடிக்குப் பன்றியின் நினைவு வந்தது.

பன்றி சொன்னது நிஜம். குரங்கு சொன்னது நிஜம். எல்லாரும் அதன் முகத்துக்கு நேரே, சத்தியம் பண்ணி, தொடையைத் திறந்து காட்டி உண்மையைச் சொல்லியிருந்தார்கள். மரத்தை மடியில் வைத்துக்கொண்டு கரடி அழுதது. தோளில் குடம் சுமந்த காலத்தில்கூட அது அப்படி அழுததில்லை.

வண்டியைச் சேற்றிலிருந்து தள்ளி எடுத்து, தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்தது. சீனியம்மா ஒன்றும் கேட்கவில்லை. தொடைக்குப் பச்சிலை அரைத்துக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

இது இத்தோடு போயிருந்தால், ஏமாந்த கரடியின் கதை என்று ஒரு பக்கத்தில் முடித்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரமே வீராயி வந்து நின்றது. வீராயி பக்கத்துப் புதரில் குடியிருக்கிற முள்ளம்பன்றி. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, வள்ளிக்கிழங்கு விளைகிற ஒரு சின்னக் கொல்லையை வைத்துக்கொண்டு குட்டிகளை வளர்த்துவந்தது. அந்தக் கொல்லையைத் தவிர அதற்கு வேறு நாதி கிடையாது. கரடியின் குட்டிக்குக் காய்ச்சல் கண்டபோது, கேட்காமலே கிழங்கு அவித்துக் கொண்டுவந்து கொடுத்த மனசு.

"அண்ணே, மலைமுழுங்கி எப்படி ஓடுது?" என்றது வீராயி.

கரடி நிமிர்ந்து உட்கார்ந்தது. "எதுக்கு தாயி கேக்குற?"

"நானும் ஒண்ணு எடுக்கலாம்னுதான். கிழங்க ஏத்திக்கிட்டுச் சந்தைக்குப் போகலாம்ல. கொல்லையக் குடுத்தாப் போதும்னு வெள்ளைச்சாமி சொல்லுது."

"வேண்டாம்!" கரடி எழுந்தே விட்டது. "வாங்காத. அது வண்டியே இல்ல. ஏமாத்து. என் பாறை போச்சு தாயி. உன் கொல்லையும் போயிரும். குட்டிகளத் தெருவுல விட்றாத."

வீராயியின் கண்கள் விரிந்தன. முட்களெல்லாம் சந்தோஷத்தில் ஒருமுறை சிலிர்த்து அடங்கின.

"அவ்வளவு மோசமாண்ணே?"

"நாசமாப் போச்சுன்னா பாத்துக்கயேன்!"

"நாசமாவா?" என்று வாயில் கை வைத்துக்கொண்டது வீராயி. "வெள்ளிக்கிழமையே பேசி முடிச்சிர்றேன்ணே."

கரடி விடவில்லை. வா, நீயே கண்ணால் பார் என்று அதை மலைப்பாதைக்கு இழுத்துக்கொண்டு போய், அதன் கண்முன்னாலேயே வண்டியைச் சேற்றில் விட்டது. வண்டி புதைந்தது. பட்டனை அழுத்தியது, நன்றாகப் புதைந்தது. கரடி தொடை வெந்து குதித்தது. ஒரு பாறைமேல் உட்கார்ந்து வீராயி எல்லாவற்றையும் பார்த்தது. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குட்டிகளிடம், "மொக்கராசு மாமா இருக்காகளே, என்னமா நடிக்கிறாக! ஒருத்தர் கண்ணு படக்கூடாதுன்னு எம்புட்டுப் பாடுபடுறாக பாரு" என்று சொன்னது. கொல்லையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுக்கொண்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் கரடிக்குச் சோறு இறங்கவில்லை. அன்றுதான் சீனியம்மா பல நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தது.

"நெசத்தச் சொல்லித்தான அவளக் கெடுக்கிறீங்க. ஒரு பொய்யச் சொல்லுங்க."

கரடிக்கு அப்போதுதான் விளங்கியது. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் யாருக்கும் தோன்றாத யோசனை. தன்னிடம் உள்ளதை நன்றாக இருக்கிறது என்று சொல்வது! வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் தண்ணீர் குடிக்கக் கூடுகிற நேரம் பார்த்துக் கரடி குட்டைக்கரைக்குப் போனது. ஒரு கல்மேல் ஏறிக்கொண்டது.

"மலைமுழுங்கி ரொம்ப நல்ல வண்டி!" என்று கத்தியது. "தங்கம்! பூ மாதிரி ஏறுது. உட்காந்தா எறங்க மனசு வரல. ஆளுக்கு ஒண்ணு வாங்குங்க!"

குடித்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் தண்ணீரோடு அப்படியே நின்றார்கள். பிறகு மெதுவாகக் கிசுகிசுப்பு எழுந்தது. ஐயோ பாவம் என்றது மான். எவன் தலையிலயாவது கட்டப் பாக்கிறான் என்றது மந்தி. வண்டிக்கு முன்பதிவு செய்திருந்த நரியும் மிளா மானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்ல நழுவின. வீராயி கரடியைப் பார்த்தது. அதன் முகம் வாடிப்போயிருந்தது.

"அண்ணே, வண்டி அவ்வளவு நல்லாவா இருக்கு?"

"ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு தாயி."

"அப்ப எனக்கு வேண்டாம்ணே," என்றது வீராயி. கொல்லைப் பக்கமே திரும்பி நடந்தது.

கரடிக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் தேன்பாறை இருந்த காலத்தில்கூட வந்ததில்லை. பாறை போனது போனதுதான், ஆனால் ஒரு பொய்யால் ஒரு குடும்பம் பிழைத்தது. இங்கேயே கதையை முடித்தால் கரடிக்கு நல்ல பெயர். நமக்கும் மனசு நிறையும். ஆனால் கொக்கு அப்படி முடிக்க விடவில்லை.

இரண்டு வாரமாக ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த வெள்ளைச்சாமி கரடியைத் தேடி வந்தது. கோபப்படவில்லை. நல்ல வியாபாரிக்குக் கோபம் வராது.

"சார், நீங்க வண்டியப் புகழ்றதா கேள்விப்பட்டேன். மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு," என்றது. "எங்க கம்பெனிக்கு ஒரு கொள்கை இருக்கு. வாங்குனவங்க மனசுல பட்டத அப்படியே சொல்லணும். யாரையும் பொய் சொல்லச் சொல்லி நாங்க கேக்குறதே இல்ல. நீங்களா எதுக்கு சார் பொய் சொல்றீங்க?"

கொக்கு காலை மாற்றி ஊன்றிக்கொண்டது.

"ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரையில உரிமையாளர் அனுபவ விழா வச்சிருக்கோம். நீங்க வந்து மைக்கப் பிடிச்சு உங்க அனுபவத்தச் சொல்லணும். நெசத்த மட்டும் சொன்னாப் போதும். தொடை வெந்தது, மரம் விழுந்தது, எல்லாத்தையும் சொல்லுங்க. எவ்வளவு திட்டுனாலும் சரி. விழா முடிஞ்ச கையோட உங்க தேன்பாறை உங்களுக்கே."

கரடிக்கு வாயில் எச்சில் ஊறியது. தேன்பாறையின் மேல்புறம் வெயில் படுகிற இடத்தில் இந்நேரம் அடை முற்றியிருக்கும். அதை இப்போது கொக்கின் ஆட்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வீராயியின் நினைவும் வந்தது. வரத்தான் செய்தது. ஆனால் கரடிக்கு அறிவு கூடுதல் என்று முன்பே சொன்னேன் அல்லவா? அது யோசித்தது. நான் என்ன பொய்யா சொல்லப்போகிறேன்? உண்மையைத்தானே சொல்லப்போகிறேன்? பொய் சொல்லுவது பாவம். இத்தனை நாள் அந்தப் பாவத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன். கேட்கிறவர்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டால் அது அவர்கள் காது செய்கிற வேலை. இப்படிக் கொஞ்ச நேரம் யோசித்த பிறகு, விழாவுக்குப் போகாமல் இருப்பதுதான் அதர்மம் என்று அதற்குத் தெளிவாகப் பட்டது. சீனியம்மாவிடம் கேட்டது. சீனியம்மா தேன்குடங்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் பந்தல் போட்டு, 'எழவு வண்டி - சடையாண்டி, உரிமையாளர்' என்று பெரிதாக பேனர் கட்டியிருந்தார்கள். காடே திரண்டிருந்தது. முதல் வரிசையில் வீராயி குட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. கரடி மைக்கைப் பிடித்தது. எடுத்த எடுப்பிலேயே அதற்குக் குரல் கம்மிவிட்டது. அதில் நடிப்பு ஒன்றும் இல்லை.

"இந்த வண்டியால நான் நாசமாப் போனேன்," என்றது. கூட்டம் ஆரவாரித்தது. சேற்றில் புதைந்ததைச் சொன்னது, கைதட்டினார்கள். மரம் மடியில் விழுந்ததைச் சொன்னது, விசிலடித்தார்கள். கரடிக்குக் கண்ணீர் வழிந்தது. அது வீராயியை நேராகப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது.

"தாயி, உனக்குத்தான் சொல்றேன். வாங்கிறாத. உன் கொல்லையக் குடுத்துறாத. உன் கால்ல வேணும்னாலும் விழுறேன்."

ஒரு கரடி காலில் விழுகிறேன் என்று சொல்கிற அளவுக்கு ஒரு வண்டி இருந்தால், அது எப்படிப்பட்ட வண்டி! கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்தது. நரி விழுந்தது, மிளா அதன்மேல் விழுந்தது. எல்லாரையும் முள்ளால் விலக்கிக்கொண்டு வீராயி முதல் ஆளாகக் கொக்கிடம் போய்ச் சேர்ந்தது. கரடி மேடையிலேயே நின்று, "வேண்டாம், வேண்டாம்" என்று மைக்கில் கதறிக்கொண்டிருந்தது. கொக்கு மைக்கின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தது.

பேசியபடி தேன்பாறை கரடிக்குத் திரும்ப வந்தது. கொக்கு நாணயமான கொக்கு.

சில நாள் கழித்துக் கரடி தோளில் காலிக் குடங்களோடு பாறைக்கு ஏறிக்கொண்டிருந்தது. மலைப்பாதையின் முதல் ஏற்றத்தில் ஒரு மலைமுழுங்கி நான்கு சக்கரமும் புதைந்து நின்றது. பக்கத்தில் வீராயி சேற்றில் உட்கார்ந்திருந்தது. குட்டிகள் பசியில் முனகிக்கொண்டிருந்தன. பின்னால் இருந்த தட்டில் ஒரு கிழங்குகூட இல்லை. கிழங்குக்கு இனிமேல் எங்கே போவது?

வீராயி நிமிர்ந்து பார்த்தது. கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"அண்ணே, அன்னைக்கு நீங்க மேடையில சொன்னதெல்லாம் நெசந்தானா?"

"எல்லாம் நெசந்தான் தாயி," என்றது கரடி. "நான் எதுக்கு உங்கிட்டப் பொய் சொல்லப்போறேன்?"

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு வெயில் ஏறுவதற்குள் அடையை எடுத்தாகவேண்டும் என்று நினைவு வந்து, குடங்களைத் தோள் மாற்றிக்கொண்டு, வண்டியைச் சுற்றி ஒதுங்கி மேலே நடந்தது.

நீதி: எப்போதும் உண்மையே பேசுங்கள். உங்களுக்கு அதனால் ஒரு குறையும் வராது. கெட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார்தான்.